"5 டிகிரி" என்று போட்டிருந்தால் நம்பிவிடாதீர்கள்: அம்புத்தண்டு சீவும் கருவி வாங்கி நான் ஏமாந்தது

சொந்தமாக மர அம்பு செய்கிறவர்கள், செய்யலாம் என்று நினைத்துக்கொண்டிருப்பவர்கள் எல்லோரும் இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். நேராக்கி, எடை பார்த்து, ஒரே விறைப்பாகப் பிரித்து வைத்திருந்த 24 தண்டுகளில் 17 தண்டுகளை ஒரு மோசமான கருவியிடம் பறிகொடுத்திருக்கிறேன். அந்தக் கருவி இப்போதும் விற்பனையில் இருக்கிறது, படமும் விளம்பரமும் கொஞ்சமும் மாறவில்லை.

புதிதாக வருபவர்களுக்காக முதலில் ஒரு விளக்கம். மரத்தண்டில் இரண்டு இடங்களில் கூம்பு சீவ வேண்டும். உலோக முனை ஏறும் பக்கம் 5 டிகிரி, நாணில் கவ்வும் நாக் ஏறும் பக்கம் 11 டிகிரி. ஒட்டும் முனைகளும் பிளாஸ்டிக் நாக் துண்டுகளும் பெரும்பாலும் இந்தக் கணக்கில்தான் வருகின்றன. இதற்கென்றே பென்சில் ஷார்ப்னர் மாதிரி சிறிய கருவிகள் உண்டு. ஒரு துளையில் தண்டை நுழைத்துச் சுற்றினால் கத்தி சீவிக்கொண்டே போகும். நல்ல கருவியாக இருந்தால் ஒரு தண்டுக்கு அரை நிமிடம் போதும்.

நான் வாங்கியது ஒரு செட். முனைக்கு ஒரு துளை, நாக் பக்கத்துக்கு ஒரு துளை, கூடவே தண்டின் பின்பகுதியை நீளவாக்கில் மெலிக்க ஒரு பெட்டி. "5/16, 11/32, 23/64 மூன்று அளவுக்கும் ஒரே கருவி" என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தார்கள். நான் அங்கேயே நின்று யோசித்திருக்க வேண்டும். இவை அங்குலத்தில் தண்டின் விட்டம்; மில்லிமீட்டரில் சுமார் 7.9, 8.7, 9.1. மூன்றும் ஒரே துளையில் நுழைய வேண்டுமென்றால் துளை 9.1-க்கு மேல் இருந்தாக வேண்டும். என் 8.7 தண்டு உள்ளே ஆடத்தான் செய்யும். ஆடும் தண்டில் சீவிய கூம்பு தண்டின் நடுக்கோட்டில் நிற்காது, ஒரு பக்கமாகச் சாயும். மேசையில் வைத்து அம்பை உருட்டினால் முனை மேலும் கீழும் துள்ளும். எனக்கு அப்படித்தான் துள்ளியது.

ஆனால் அதைவிடப் பெரிய கோளாறு கோணத்தில் இருந்தது. கண்டுபிடிக்க எனக்கு மூன்று வாரம் ஆனது. முனை தண்டில் ஏறியது, பசை உருக்கி ஒட்டினேன், வெளியிலிருந்து பார்க்கக் குறை ஒன்றும் இல்லை. எய்தால் இலக்கில் தைத்த அம்பை உருவும்போது முனை உள்ளேயே தங்கிவிடும். இரண்டு அம்பில் முனை கோணிக்கொண்டது. ஒன்று முனைக்குப் பின்னாலேயே ஒடிந்தது. விற்றவரிடம் கேட்டேன். "மரத்தில் ஈரம் இருக்கும், பசையை மாற்றிப் பாருங்கள்" என்றார். மரம் மாதக்கணக்கில் உலர்ந்தது. இருந்தும் பசையை மாற்றினேன்.

கடைசியில் ஒரு நாள், சீவிய கூம்பு முழுக்கப் பென்சில் கரியைத் தேய்த்து, பசை இல்லாமல் ஒரு முனையை மாட்டி ஒரு சுற்றுச் சுற்றிக் கழற்றினேன். நுனியில் மெல்லிய ஒரு வளையம் மட்டும் பளபளவென்று தேய்ந்திருந்தது. அதற்குக் கீழே கரி கலையவே இல்லை. அதாவது மரமும் உலோகமும் ஒரு நூல் அகலத்தில்தான் தொட்டுக்கொண்டிருந்தன, மிச்ச இடத்தை எல்லாம் பசை நிரப்பியிருந்தது. அந்த வளையத்தைப் பார்த்ததும் எனக்கு வயிற்றைக் கலக்கியது. அந்த அம்புகளை என்னோடு பயிற்சி செய்கிறவர்களுக்கும் எய்யக் கொடுத்திருந்தேன்.

வெர்னியர் காலிப்பரை எடுத்து அளந்தேன். 5 டிகிரி என்பது நடுக்கோட்டிலிருந்து ஒரு பக்கத்துச் சாய்வு. இரண்டு பக்கமும் சேர்ந்தால் 10. அந்தக் கணக்கில் 20 மில்லிமீட்டர் நீளத்துக்கு விட்டம் 3.5 மில்லிமீட்டர் குறைய வேண்டும்; 8.7-ல் தொடங்கினால் 5.2-ல் முடிய வேண்டும். என் தண்டில் 6.9 இருந்தது. செய்தவர் இரண்டு பக்கமும் சேர்த்தே 5 டிகிரி என்று எடுத்துக்கொண்டு வெட்டியிருக்கிறார். நாக் பக்கத்திலும் இதே தப்பு: 11-க்குப் பதில் ஐந்தரை. அதனால் அந்த நாக் துளையில் சீவிய நுனியில் என் உலோக முனை ஏறக்குறைய ஒழுங்காக உட்கார்ந்தது! இதைவிடச் சான்று வேண்டாம். அம்பு செய்து பழகிய யாரும் இந்தக் கருவியை ஒரு முறைகூடச் சோதித்துப் பார்த்திருக்க மாட்டார்கள்.

படங்களும் அளவுகளும் சேர்த்து அனுப்பினேன். பதில் மரியாதையாகத்தான் வந்தது. மாற்றுக் கத்தி அனுப்புகிறோம், அதுவரை பொறுங்கள் என்றார்கள். பொறுத்தேன். கத்தி வந்தது, அதே கோணம். கோணம் கருவியின் உடம்பில் இருக்கும்போது கத்தியை மாற்றி என்ன பயன்? திருப்பி அனுப்புகிறேன் என்றபோது, திருப்புவதற்கான காலம் முடிந்துவிட்டது என்றார்கள். அந்த நாட்களைக் காத்திருக்கவைத்தே கழித்திருக்கிறார்கள் என்று அப்போதுதான் புரிந்தது. மாற்றுப் பொருள் வருகிறது என்று யார் சொன்னாலும், திருப்பும் விண்ணப்பத்தை அன்றைக்கே போட்டுவிடுங்கள்.

அப்புறம் அந்தப் பெட்டி. தண்டின் பின்பக்கம் கடைசி 25 சென்டிமீட்டரை 8.7-லிருந்து 7.9-க்கு மெல்ல மெல்லக் குறைப்பார்கள். பின்பாரம் குறையும், எய்ததும் வில்லின் உடம்பை உரசாமல் அம்பு விலகிப் போகும். வெறும் 0.8 மில்லிமீட்டர் வேலை, அதை 25 சென்டிமீட்டரில் பரப்ப வேண்டும். பெட்டியின் பள்ளமே நேராக இல்லை. கத்தியோ மெத்து இரும்பு, மூன்றாவது தண்டிலேயே மழுங்கி, சீவுவதை விட்டு மரத்தைப் பிய்க்கத் தொடங்கியது. மரத்தின் இழை நேராக இல்லாமல் சற்றுச் சாய்ந்து ஓடியிருந்த ஒரு தண்டில், நாக் பக்கத்திலிருந்து ஒரு சாண் முன்னால் ஆழமாகக் கொத்திவிட்டது. அதை எய்வதற்கு முன் வழக்கம்போல இரண்டு கையிலும் பிடித்து எல்லாப் பக்கமும் வளைத்துப் பார்த்தேன். படக்கென்று ஒரு சத்தம். வில்லில் ஏற்றிய பிறகு அது ஒடிந்திருந்தால் சிராய் என் வில் பிடித்த கையில் ஏறியிருக்கும். மர அம்பை வளைத்துப் பார்க்காமல் ஒருபோதும் எய்யாதீர்கள், எந்தக் கருவியில் செய்திருந்தாலும் சரி.

இப்போது அந்தப் பெட்டி இல்லாமலே செய்கிறேன். நேரான பலகையில் வி வடிவப் பள்ளம், ஒரு முனையில் ஆழம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையும். தண்டை அதில் கிடத்தி, கூரான சின்ன இழைப்புளியால் ஓர் இழுப்பு, தண்டைக் கொஞ்சம் திருப்பு, இன்னோர் இழுப்பு. பட்டை பட்டையாக விழும் மூலைகளை அடுத்த சுற்றில் எடுத்துவிடலாம். பிறகு தண்டை ட்ரில்லில் மாட்டி மெதுவாகச் சுழலவிட்டு, தடித்த துணிக்குள் 80 எண் உப்புத்தாளை மடித்துப் பிடித்து மேலும் கீழும் ஓட்டுகிறேன், கடைசியில் 150. ஒரே இடத்தில் நிறுத்தினால் அந்த இடம் மட்டும் இடுப்பு மாதிரி ஒடுங்கிவிடும். ஐந்து சென்டிமீட்டருக்கு ஒரு தரம் காலிப்பரை வைக்கிறேன்: 8.7, 8.54, 8.38, 8.22, 8.06, 7.9. இதற்குப் பெரிய கருவியே தேவையில்லை. 1545-ல் மூழ்கி 1982-ல் தூக்கப்பட்ட மேரி ரோஸ் கப்பலில் கிடைத்த அம்புகளில், நாண்பக்கம் மெலிந்தவை ஏராளம். எல்லாம் கைவேலை.

நுனிக் கூம்புக்கு மட்டும் ஒரு நல்ல ஷார்ப்னர் வேறொருவரிடம் வாங்கினேன். உங்கள் தண்டின் அளவுக்கென்று தனியாகச் செய்ததாக இருக்கட்டும். கத்தியைக் கழற்றி எண்ணெய்க்கல்லில் தீட்ட முடிய வேண்டும். உப்புத்தாள் ஒட்டிய சுழல்வட்டும் சாய்வான தாங்கியும் வைத்திருப்பவர்களுக்குக் கூம்பு இன்னும் சுத்தமாக வரும், முரட்டு இழையும் பிய்யாது. எதை வாங்கினாலும், கைக்கு வந்த அன்றே ஒரு உதவாத தண்டைச் சீவி அந்தக் கரிச் சோதனையைச் செய்துவிடுங்கள். கூம்பு முழுக்கத் தேய்ந்தால் வைத்துக்கொள்ளலாம். நுனியில் மட்டும் தேய்ந்தால் சாய்வு போதவில்லை. அடியில் மட்டும் தேய்ந்தால் சாய்வு அதிகம். இரண்டில் எது என்றாலும் திருப்பி அனுப்புங்கள்.

மூன்று அளவுக்கும் ஒன்றே என்று சொல்லி விற்ற கருவி உங்களிடம் ஏற்கெனவே இருந்தால், ஒட்டிவைத்த அம்புகளில் இரண்டு மூன்றையாவது எடுத்து, முனையைத் தீயில் லேசாகக் காட்டி, பசை இளகியதும் இடுக்கியால் கழற்றிப் பாருங்கள். கூம்பின் அடியில் பசை தடிப்பாகப் படிந்திருந்தால் அந்தத் தொகுதியையே வில்லில் ஏற்றாதீர்கள். நுனியை வெட்டிவிட்டுச் சரியான கோணத்தில் திரும்பச் சீவினால் நீளம் போதுகிற தண்டுகளையாவது காப்பாற்றலாம். எனக்கு அந்த 17-ல் ஐந்து மீண்டன.