போனிலேயே ஃப்ரீலான்ஸ்: காலண்டர் கூட்டணியா, ட்ரெல்லோவா, நோஷனா?

கல்லூரியில் படித்துக்கொண்டே போஸ்டர், லோகோ, ரீல்ஸ் எடிட்டிங், கல்யாணப் பத்திரிகை என்று எடுத்துச் செய்பவர்களுக்கு வேலை பெரும்பாலும் வாட்ஸ்அப்பில்தான் வருகிறது. தேதி ஒரு வாய்ஸ் நோட்டில் இருக்கும், கரெக்‌ஷன் வேறொரு ஸ்க்ரீன்ஷாட்டில் இருக்கும், தொகை போன வாரம் பேசியதாக இருக்கும். அதனால் செயலியில் எத்தனை வசதி உண்டு என்பது இரண்டாம் கேள்வி. வந்த செய்தி எவ்வளவு சீக்கிரம் தேதியோடும் தொகையோடும் பதிவாகிறது என்பதுதான் முதல் கேள்வி. இரண்டு வகுப்புகளுக்கு நடுவில் பதியாத வேலை பிறகும் பதியப்படுவதில்லை.

இந்த அளவுகோலில், ஒரே நேரத்தில் மூன்று நான்கு கிளையண்ட் வரை உள்ளவர்களுக்கு வாட்ஸ்அப் பிசினஸ், கூகுள் காலண்டர், கூகுள் ஷீட்ஸ் மூன்றும் சேர்ந்த கூட்டணியே போதும். அதைத் தாண்டினால், வேலைகளைக் கார்டுகளாகப் பட்டியலிட்டு நகர்த்தும் செயலியான ட்ரெல்லோ. குறிப்புகளும் அட்டவணைகளும் கட்டும் செயலியான நோஷனைக் கடைசியில்தான் வைப்போம்.

காலண்டர் கூட்டணி

வாட்ஸ்அப் பிசினஸுக்குத் தனி எண் வேண்டும். ஒரே எண்ணைச் சாதாரண வாட்ஸ்அப்பிலும் பிசினஸிலும் ஒரே சமயத்தில் வைத்துக்கொள்ள முடியாது. இரண்டாவது சிம்மில் திறந்தால் வீட்டார், வகுப்புக் குழுக்கள் எல்லாம் ஒருபுறம், வேலை மறுபுறம் என்று பிரிந்துவிடும். அந்த சிம்மை ரீசார்ஜ் செய்யாமல் விட்டுவிடாதீர்கள். எண் பறிபோனால் கிளையண்டுகளும் சேர்ந்து போவார்கள்.

இதில் மிகவும் பயன்படுவது லேபிள். புதிய ஆர்டர், பணம் பாக்கி, பணம் வந்தது, ஆர்டர் முடிந்தது போன்றவை தயாராகவே இருக்கும். வேலையை அனுப்பியதும் அந்த உரையாடலுக்குப் ‘பணம் பாக்கி’ லேபிள் போட்டுவிட்டால், மாதக் கடைசியில் யார் யார் தரவேண்டும் என்று உரையாடல்களைப் புரட்ட வேண்டியதில்லை. முன்பணம் எவ்வளவு, எத்தனை கரெக்‌ஷன் இலவசம், ஃபைல் எந்த வடிவத்தில் தரப்படும் என்பதை ஒரே விரைவுப் பதிலாகச் சேமித்து, சாய்கோடு தட்டி அழைத்துக்கொள்ளலாம். தேர்வு நாட்களுக்கு ‘தற்போது இல்லை’ தானியங்கிச் செய்தி உண்டு. ஆனால் போனில் இணையம் இருந்தால்தான் அது போகும். டேட்டாவை அணைத்துவிட்டுத் தேர்வறைக்குள் போனால் கிளையண்டுக்கு எந்தப் பதிலும் கிடைக்காது.

டெட்லைனை காலண்டரில் ‘டாஸ்க்’ ஆகப் போடாமல் ‘ஈவென்ட்’ ஆகப் போடுங்கள். டாஸ்க் தன் நேரம் வந்த பிறகுதான் நினைவூட்டும். அந்த நேரத்தில் நினைவூட்டி என்ன பயன்? ஈவென்ட்டுக்கு இரண்டு நாள் முன், ஒரு நாள் முன், மூன்று மணி நேரம் முன் என்று பல நினைவூட்டல்கள் வைக்கலாம். இன்டர்னல், செமஸ்டர் தேதிகளை வேறு நிறத்தில் முதலிலேயே ஏற்றிவிட வேண்டும். வைகாசி முகூர்த்தங்களுக்கான பத்திரிகை வேலை ஏப்ரல், மே மாதங்களில்தான் குவியும். பல கல்லூரிகளில் செமஸ்டர் தேர்வும் அப்போதுதான். இரண்டையும் ஒரே திரையில் பார்த்தால்தான் எந்த வேலையை மறுக்க வேண்டும் என்பது தெரியும்.

ஷீட்ஸில் எட்டுப் பத்திகள் போதும்: தேதி, கிளையண்ட், வேலை, பேசிய தொகை, முன்பணம், பாக்கி, ஒப்படைக்கும் நாள், யுபிஐ பரிவர்த்தனை எண். பாக்கிப் பத்தியில் மட்டும் கழித்தல் சூத்திரம். அந்த ஷீட்டுக்கு ஆஃப்லைன் வசதியையும் இயக்கி வையுங்கள்.

இந்தக் கூட்டணியின் பலவீனம் கரெக்‌ஷன். ‘பச்சை வேண்டாம், பழைய நீலமே இருக்கட்டும்’ என்று வரும் செய்தி, எந்த டிசைனின் எத்தனையாவது வடிவத்துக்கு என்பதைக் காலண்டரும் சொல்லாது, ஷீட்டும் சொல்லாது.

ட்ரெல்லோ

ட்ரெல்லோ கைகொடுப்பது அங்கேதான். ஒரு வேலைக்கு ஒரு கார்டு. வந்தது, செய்கிறேன், கிளையண்ட் பார்க்கிறார், கரெக்‌ஷன், முடிந்தது என்று ஐந்து பட்டியல்கள். கரெக்‌ஷன்களைக் கார்டுக்குள் செக்லிஸ்டாகப் போட்டுக்கொண்டால், மூன்றாவது சுற்று முடிந்து நான்காவது கேட்கிறார்கள் என்பதைக் கிளையண்டிடம் கணக்கோடு காட்டிக் கூடுதல் தொகை கேட்கலாம். ஒரே சமயத்தில் ஐந்தாறு வேலைகள் வெவ்வேறு நிலையில் இருந்தால் இந்தப் பார்வைக்கு ஈடு இல்லை.

இலவசத் திட்டத்தில் ஒரு கோப்பு 10 எம்பிக்கு மேல் ஏறாது. வீடியோவையும் ஃபோட்டோஷாப் கோப்பையும் கூகுள் டிரைவில் வைத்து, கார்டில் இணைப்பை மட்டும் ஒட்ட வேண்டும். பணக் கணக்குக்கு ட்ரெல்லோ உதவாது என்பதால் ஷீட் எப்படியும் வேண்டும்.

நோஷன்

கணினியில் அருமையான கருவி. கிளையண்ட், வேலை, பணம் மூன்றையும் ஒன்றோடொன்று இணைத்த அட்டவணைகளாகக் கட்டலாம். 6 அங்குலத் திரையில் கதை வேறு. அகலமான அட்டவணையை விரலால் பக்கவாட்டில் தள்ளித் தள்ளி ஒரு தொகையை மாற்றுவதற்குள் அடுத்த வகுப்பு தொடங்கிவிடும். இலவசத் திட்டத்தில் ஒரு கோப்புக்கு 5 எம்பி வரம்பு. கல்லூரி மின்னஞ்சல் இருந்தால் மாணவர்களுக்கான மேல்நிலைத் திட்டம் இலவசமாகக் கிடைக்கலாம். ஆனால் படிப்பு முடிந்தபின் பல கல்லூரிகள் அந்த மின்னஞ்சலை மூடிவிடும். அதற்கு முன்பே கணக்கைச் சொந்த மின்னஞ்சலுக்கு மாற்றிவிட வேண்டும். பலர் நோஷனில் முதல் வாரத்தை டெம்ப்ளேட் அலங்கரிப்பதிலேயே கழிக்கிறார்கள். மடிக்கணினி தினமும் கையில் இருப்பவர்களுக்கு மட்டுமே இதைப் பரிந்துரைப்போம்.

நேரக் கணக்கு

வேலைக்கு ஆகும் நேரத்தை டைமர் வைத்து அளக்கும் செயலிகளான டாகிள், க்ளாக்கிஃபை இரண்டுமே தனியாள் வேலைக்கு இலவசத் திட்டத்தில் போதுமானவை. டாகிள் கைக்குச் சுலபம், அதையே எடுக்கலாம். 1,500 ரூபாய்க்குப் பேசிய லோகோவுக்கு டிசைன் 3 மணி நேரம், கரெக்‌ஷன் 2.5 மணி நேரம் என்றால் மணிக்குக் கிடைத்தது சுமார் 273 ரூபாய். டிசைன் நேரத்தை மட்டும் கணக்கிட்டிருந்தால் 500 என்று நினைத்திருப்போம். அடுத்த விலையைச் சொல்ல இந்த வித்தியாசம் தெரிந்தாக வேண்டும். நிறுத்த மறந்து ராத்திரி முழுக்க டைமர் ஓடுவதுதான் வழக்கமான கோளாறு. நினைவூட்டல் வராமல் போனால், போனின் பேட்டரி அமைப்பில் அந்தச் செயலிக்குக் கட்டுப்பாட்டை நீக்குங்கள். பின்னணியில் ஓடும் செயலிகளைப் பல ஆண்ட்ராய்டு போன்கள் தாமாகவே நிறுத்திவிடுகின்றன.

கோப்பு அனுப்புவது

லோகோவை வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் சுருங்கிவிடும், ஒளி ஊடுருவும் பின்னணியும் போய்விடும். ‘டாக்குமென்ட்’ ஆக அனுப்ப வேண்டும். டிரைவ் இணைப்பு என்றால் ‘இணைப்பு உள்ள எவரும்’ என்று அனுமதியை மாற்றிய பிறகு அனுப்புங்கள். இலவச 15 ஜிபி ஜிமெயில், டிரைவ், போட்டோஸ் மூன்றுக்கும் சேர்த்துத்தான். அது நிரம்பினால் ஜிமெயிலுக்கு வரும் மின்னஞ்சலும் நின்றுவிடும். வீடியோ எடிட் செய்பவர்கள் மாதம் ஒருமுறை முடிந்த வேலைகளை வெளியே எடுத்துவைப்பது நல்லது.

வெளிநாட்டு வேலை, வரும் பணம்

ஃபைவர், அப்வொர்க் இரண்டும் வெளிநாட்டு கிளையண்டுகளிடம் வேலை பெற்றுத்தரும் தளங்கள். ஃபைவர் உங்கள் வருமானத்தில் 20 சதவீதம் எடுத்துக்கொள்ளும். 50 டாலர் வேலைக்குக் கைக்கு 40. தேர்வுக்காக விடுப்பு நிலையில் வைத்தாலும், ஏற்கெனவே ஏற்ற ஆர்டரின் கடிகாரம் நிற்காது. அப்வொர்க்கில் மணிக்கணக்கு வேலைக்குப் பணப் பாதுகாப்பு வேண்டுமென்றால், இடையிடையே ஸ்க்ரீன்ஷாட் எடுக்கும் கணினிச் செயலி ஓட வேண்டும். கையால் ஏற்றும் நேரத்துக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது. ஆகவே போன் மட்டும் உள்ளவர்கள் மொத்தத் தொகை வேலைகளை எடுத்து, மைல்கல்லுக்கான (வேலையின் ஒரு கட்டத்துக்கான) பணத்தைக் கிளையண்ட் முன்கூட்டியே கட்டிவிட்டாரா என்று பார்த்தபின் தொடங்க வேண்டும். நியூயார்க் கிளையண்ட் ‘வெள்ளி மாலை 5 மணி’ என்றால் கோடையில் நமக்குச் சனி அதிகாலை 2.30, குளிர்காலத்தில் 3.30. காலண்டரில் ஈவென்ட்டின் நேர மண்டலத்தை நியூயார்க் என்று வைத்தால் இந்த மாற்றத்தை அதுவே பார்த்துக்கொள்ளும்.

உள்ளூர்ப் பணத்துக்கு யுபிஐதான். பணம் பெற யுபிஐ பின் தேவையில்லை, க்யூஆர் ஸ்கேன் செய்யவும் வேண்டாம். அப்படிக் கேட்பவர் மோசடிக்காரர். ‘அனுப்பிவிட்டேன்’ என்று வரும் ஸ்க்ரீன்ஷாட்டை நம்பி இறுதிக் கோப்பைத் தராதீர்கள். வங்கிக் கணக்கில் வரவு ஏறியதைப் பார்த்த பிறகு கொடுங்கள்.

இணையப் பணப் பரிமாற்றச் சேவையான பேபால் 2021 ஏப்ரல் முதல் இந்தியாவுக்குள் பணம் பெறப் பயன்படாது, வெளிநாட்டுப் பணத்துக்கு மட்டுமே. வயது 18 ஆகியிருக்க வேண்டும், பான் எண்ணும் வேண்டும். நம் ஊர்க்காரர்கள் தடுக்கி விழுவது பெயரில்தான். பான் கார்டில் இனிஷியல் விரிந்து அப்பா பெயர் முழுதாக இருக்கும், வங்கிக் கணக்கில் ‘எஸ்.’ மட்டும் இருக்கும். இரண்டும் பொருந்தாவிட்டால் வந்த பணம் வங்கிக்குப் போகாமல் மாட்டிக்கொள்ளலாம். முதல் வெளிநாட்டு வேலையை ஏற்பதற்கு முன்பே பான் கார்டோடு வங்கிக் கிளைக்குப் போய்க் கணக்கில் உள்ள பெயரைப் பானில் உள்ளபடி மாற்றிவிடுங்கள்.