மோஸ்கோனி வழியா, ஃபேட்ஸ் வழியா?

பூல் என்பது மேசையில் கோலால் பந்துகளைக் குழியில் தள்ளும் ஆட்டம். பணப் பந்தயம் அதன் பெயரைக் கெடுக்கிறதா என்று குழம்புகிறவர்கள் அமெரிக்க ஆட்டக்காரர்களான இந்த இருவரையும் எடை போட்டுப் பார்க்கலாம்.

மரியாதை: வில்லி மோஸ்கோனி கோட்டும் டையுமாக மேசைக்கு வருவார், 15 உலகப் பட்டங்கள். பணம் கட்டி ஆடிய மின்னசோட்டா ஃபேட்ஸுக்குப் பெரிய பட்டம் எதுவும் இல்லை; வாய்தான் மூலதனம்.

கூட்டம்: 1954இல் மோஸ்கோனி தொடர்ந்து 526 பந்துகளைக் குழியில் தள்ளினார். ஆனால் 1978இல் இருவரும் தொலைக்காட்சியில் மோதியபோதுதான் ஊரே திரும்பிப் பார்த்தது. வென்றவர் மோஸ்கோனி, சிரிக்க வைத்தவர் ஃபேட்ஸ். எரிச்சலூட்டும் உண்மை!

விளம்பரதாரர்: கோட்டு போட்டவருக்கே பணம். 1972இல் அமெரிக்காவின் ஜான்ஸ்டன் சிட்டியில் நடந்த பூல் போட்டியில் அதிகாரிகள் புகுந்து ஆட்டக்காரர்களைச் சூதாட்டத்துக்காகக் கைது செய்தார்கள். அதன் பிறகு எந்த நிறுவனம் அருகில் வரும்?

நேர்மை: 1996இல் ஹாங்காங்கில் பிலிப்பைன்ஸின் எஃப்ரன் ரேயஸும் அமெரிக்காவின் ஏர்ல் ஸ்ட்ரிக்லாண்டும் 1,00,000 டாலருக்கு வெளிப்படையாக மோதினார்கள், ரேயஸ் 120-117 என்ற ஆட்டக் கணக்கில் வென்றார். அதில் கறை இல்லை. வேண்டுமென்றே இரண்டு ஆட்டம் தோற்று, பந்தயத்தை ஏற்றி, அப்பாவியின் சம்பளத்தைக் கறப்பதுதான் கறை.

பிள்ளைகளைச் சேர்க்கவும் விளம்பரம் பிடிக்கவும் மோஸ்கோனி வழி. அரங்கம் நிரம்ப, ஏமாற்று இல்லாத பெரும்பணப் போட்டி. ஃபேட்ஸிடம் எடுத்துக்கொள்ள வேண்டியது அவருடைய பேச்சை மட்டும்.