பால்கனி சீலிங் ரிப்பேர்: அந்த ரோஸ் கலர் சோதனைக்காகவே கூப்பிடலாம்

திருவான்மியூரில் கடலுக்கு நாலு தெரு தள்ளி எங்கள் ஃபிளாட். போன வருஷம் பால்கனி சீலிங் பெயர்ந்து துணிக்கொடி மேல் விழுந்தது, நல்லவேளை கீழே யாரும் இல்லை. தெரிந்த கொத்தனார் வந்து துருப்பிடித்த கம்பி மேலேயே சிமென்ட் கலவையை அப்பி பெயின்ட் அடித்துவிட்டுப் போனார். ஒரு மழைக்காலம்கூடத் தாங்கவில்லை, அப்பளம் மாதிரி உப்பிவிட்டது.

இந்த முறை கான்கிரீட் ரிப்பேர் மட்டுமே செய்கிறவர்களைக் கூப்பிட்டேன் (பெயர் வேண்டாம், குறையும் சொல்லப் போகிறேன்). வந்த பையன் எடுத்தவுடன் ரேட் பேசவில்லை. சின்னச் சுத்தியலால் சீலிங் முழுக்கத் தட்டி, பொள்ளல் சத்தம் கேட்ட இடத்தையெல்லாம் சாக்பீஸால் வட்டம் போட்டான். அப்புறம் ஓரிடத்தை உடைத்து பினாப்தலீன் என்ற நிறங்காட்டி மருந்தைத் தெளித்தான். கான்கிரீட்டில் காரம் இருந்தால் ரோஸ் ஆகுமாம். எங்களுடையதில் கம்பியைத் தாண்டி உள்ளேதான் ரோஸ், வெளிப்பக்கம் நிறமே வரவில்லை. காற்றிலிருக்கிற கார்பன் டை ஆக்சைடு வருஷக்கணக்கில் உள்ளே இறங்கி, சிமென்டின் சுண்ணாம்பைக் கால்சியம் கார்பனேட்டாக மாற்றிவிடுகிறது, 13 பக்கத்தில் இருந்த பி.எச். (காரத்தைக் காட்டும் அளவு) 9க்கும் கீழே போய்விடுகிறது, அந்தக் காரம் போனதும் கம்பி துருப்பிடிக்கிறது, துரு இரும்பைவிடப் பல மடங்கு இடம் அடைப்பதால் கான்கிரீட்டை உள்ளிருந்தே பிளக்கிறது. கடற்காற்று படுகிற கான்கிரீட்டுக்கு ஐ.எஸ். 456 (கான்கிரீட்டுக்கான இந்தியத் தர விதி) கேட்பது 45 மி.மீ. கவர், அதாவது கம்பியை மூடியிருக்கும் கான்கிரீட்டின் தடிமன். எங்கள் கம்பிக்கு அடியில் இருந்தது விரல் தடிமன்கூட இல்லை!

வேலை சுத்தம். கம்பிக்குப் பின்னால் விரல் நுழைகிற அளவு குடைந்து, இரும்பு பளபளக்கும்வரை பிரஷ் போட்டு, ஜிங்க் பிரைமர், அதன்மேல் பாலிமர் கலவை. மெலிந்துபோன இரண்டு கம்பிக்குப் பக்கத்தில் புதுக் கம்பி கட்டினார்கள். கொத்தனாருக்குக் கொடுத்ததைப்போல நாலு மடங்கு ஆனது, சரி, அது பரவாயில்லை. மூன்று நாள் என்று சொல்லி எட்டு நாள் இழுத்ததும், ஹால்வரை தூசி வந்ததும்தான் எரிச்சல்.

பெரிய குறை வேறு. கடல் உப்பின் குளோரைடை அந்த ரோஸ் சோதனை காட்டாது. ரோஸ் ஆகிற இடத்திலும் உப்பு ஏறியிருந்தால் கம்பி அரிக்கும், புதிதாகப் பூசி அடைத்த இடத்தைச் சுற்றியுள்ள பழைய கான்கிரீட்டில் இன்னும் வேகமாக. அதை நானாகக் கேட்ட பிறகுதான், கான்கிரீட்டைத் துளைத்துத் தூள் எடுத்து லேபுக்கு அனுப்பலாம், தனிக் காசு என்றார்கள். முதல் நாளே சொல்லியிருக்க வேண்டாமா? 5க்கு மூன்றரை. லேப் ரிப்போர்ட் வந்ததும் இங்கேயே போடுகிறேன்.