தொட்டிக்குள் ஒரு பச்சைப் பாய்: மான்டி கார்லோவா, ஹேர்கிராஸா, ஆரையா?

பார்சலில் வந்த செடியைப் பிரித்துத் தட்டில் வைத்திருந்தேன். கல்லிடைக்குறிச்சியிலிருந்து வந்திருந்த அத்தை மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு குனிந்து பார்த்தார். “இது ஆரை அல்லவா? இதையா காசு கொடுத்து வாங்கினாய்? பிசான நெல் பருவத்தில் வயலுக்கு வா. கூலி கொடுத்துப் பிடுங்கி வரப்பில் எறிகிறோம்.”

அத்தை சொன்னது முக்கால்வாசி உண்மை. பார்சலில் வந்தது மார்சிலியா ஹிர்சூட்டா, ஆஸ்திரேலியச் செடி. நம் நெல்வயலில் களையாக மண்டுவது அதன் பங்காளியான மார்சிலியா மினூட்டா. ஆரை, நீராரை, ஆராக்கீரை என்று ஊருக்கொரு பெயர். இரண்டுமே பூக்காத பெரணி இனம். இரண்டுக்கும் காம்பின் நுனியில் நான்கு சிற்றிலைகள்.

மீன் தொட்டியின் முன்வரிசையில் பாய் விரித்ததுபோல் ஒரு குட்டைச் செடி படர வேண்டும் என்று கிளம்பியவன் நான். பாளையங்கோட்டை வீட்டின் முன்னறையில் இரண்டடி நீளத் தொட்டி, ஐம்பது லிட்டருக்குச் சற்றே அதிகம். நான்கு வருடத்தில் மான்டி கார்லோ, ஹேர்கிராஸ், ஆரை என்று மூன்று செடிகளை முழுதாக வளர்த்துப் பார்த்துவிட்டேன். மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பேசுவதற்கு முன் நம் ஊர் வெயிலைப் பற்றி ஒரு வார்த்தை.

இந்தச் செடிகளுக்குத் தண்ணீர் 20 முதல் 26 டிகிரிக்குள் இருப்பது நல்லது என்பார்கள். அக்னி நட்சத்திரத்தில் என் தொட்டியில் பிற்பகல் மூன்று மணிக்கு 32 டிகிரி. சூடு ஏற ஏறத் தண்ணீரில் கரையும் வாயு குறையும். மீனுக்கு ஆக்சிஜனும் குறைவு, செடிக்குக் கரியமில வாயுவும் குறைவு. இந்த ஒரு காரணத்துக்காகவே இரண்டு பெரிய பெயர்களை வாசலிலேயே நிறுத்திவிடுகிறேன். ஒன்று ஹெமியாந்தஸ் கியூபா. டென்மார்க்கில் டிராப்பிகா நிறுவனத்தைத் தொடங்கிய ஹோல்கர் விண்டெலோவ், ஹவானாவுக்குக் கிழக்கே ஓர் ஓடைக்கரையில் கற்களுக்கிடையே கண்டெடுத்தது. இலை கடுகைவிடக் கொஞ்சம்தான் பெரிது; பார்க்க அவ்வளவு அழகு. என்னிடம் சித்திரை பிறந்த மூன்றாம் வாரம் கரைந்து போயிற்று. மற்றொன்று குளோசோஸ்டிக்மா. ஜப்பானியத் தொட்டிக் கலைஞர் தக்காஷி அமானோ உலகெங்கும் பிரபலமாக்கிய நியூசிலாந்து, ஆஸ்திரேலியச் செடி. சூடு போக, வெளிச்சம் கொஞ்சம் குறைந்தாலும் படுக்க மறுத்து எழுந்து நிற்கும்.

மான்டி கார்லோ இவை இரண்டையும்விடப் பொறுமைசாலி. அர்ஜென்டினாவிலிருந்து வந்தது. துவரம்பருப்பு அளவில் இளம்பச்சை வட்ட இலை. கடையில் சிறு கிண்ணத்தில், ஆய்வகக் கூழில் வளர்த்துத் தருவார்கள். நத்தை, பாசி எதுவும் கூட வராது என்பது அதில் பெரிய நிம்மதி. கூழை நன்றாகக் கழுவிவிட்டு, சுண்டுவிரல் நகம் அளவுக்குச் சிறு சிறு கொத்துகளாகப் பிய்க்க வேண்டும். நீளமான இடுக்கியால் ஒவ்வொன்றையும் சாய்வாக மணலுக்குள் செருகி, இடுக்கியை லேசாக விரித்து அசைத்து வெளியே எடுக்க வேண்டும். நேராகக் குத்திவிட்டு நேராக இழுத்தால் செடியும் இடுக்கியோடு எழுந்து வரும். ஒரு கிண்ணம் எனக்கு நாற்பது கொத்து வந்தது. காலை பத்து மணிக்கு உட்கார்ந்தவன், முதுகு நிமிர்ந்தபோது ஒரு மணி.

அதற்கான பலன் உண்டு. விளக்குப் போட்டு நான்கு மணி நேரம் ஆனதும் ஒவ்வோர் இலை விளிம்பிலும் ஊசிமுனை அளவு ஆக்சிஜன் குமிழி உட்கார்ந்திருக்கும். ஒன்று கழன்று மேலே போகும். அந்த இடத்தில் இன்னொன்று முளைக்கும். வீட்டுக்கு வருகிறவர்கள் பேச்சை நிறுத்திவிட்டுப் பார்ப்பது இதைத்தான்.

ஆனால் இந்தக் காட்சி கரியமில வாயு கொடுத்தால்தான் கிடைக்கும். கொடுக்காவிட்டாலும் செடி சாகாது, பாயாகவும் ஆகாது. சிலிண்டர் வாங்க மனமில்லாமல் நான் பாட்டிலில் தயாரித்தேன். முதலில் சர்க்கரையும் ஈஸ்ட்டும். நம் வெயிலில் ஈஸ்ட் ஆவேசமாகப் பொங்கி ஒரே வாரத்தில் ஓய்ந்துவிடுகிறது. பிறகு சிட்ரிக் அமிலமும் சமையல் சோடாவும். இது ஒழுங்காக, நொடிக்கு ஒரு குமிழி என்று கொடுத்தது. மின்சாரம் போகும்வரை. விளக்கு அணைந்தால் செடி வாயுவை எடுப்பதை நிறுத்திவிடும். பாட்டிலுக்கு அது தெரியாது, விட்டுக்கொண்டே இருக்கும். ஒரு மதியம் மூன்று மணி நேர மின்வெட்டு. வெளியே போயிருந்த நான் திரும்பியபோது கப்பி மீன்கள் அத்தனையும் நீர்மட்டத்தில் வாயைப் பிளந்துகொண்டு நின்றன. பாட்டில் குழாயைப் பிடுங்கி எறிந்துவிட்டு, குவளையால் தண்ணீரை மொண்டு மொண்டு உயரத்திலிருந்து ஊற்றினேன். இரண்டு மீன் போயிற்று.

அடுத்த விபத்துக்கு என் ஆசைதான் காரணம். ஏழாம் மாதம் பாய் மூன்று விரல் கனத்துக்கு மெத்தென்று வளர்ந்திருந்தது. அழகாக இருக்கிறதே என்று கத்தரி வைக்கவில்லை. மேலடுக்கு மூடிக்கொண்டதால் அடியில் வெளிச்சம் போகாமல் கீழ்த்தண்டுகள் அழுகி, வேர் மணலை விட்டுவிட்டது. ஒருநாள் காலையில் எழுந்து பார்த்தால் பாதிப் பாய் அப்படியே சுருட்டாமல் கொள்ளாமல் மேலே மிதக்கிறது. அதன்மேல் ஓர் இறால் சவாரி செய்கிறது. மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை ஒரு விரல் உயரத்துக்கு இரக்கமில்லாமல் வெட்ட வேண்டும். வெட்டிய துணுக்குகளை அன்றே வலையால் அள்ளிவிட வேண்டும்.

மிதக்காத பாய் வேண்டுமென்றால் ஹேர்கிராஸ். இதற்கு நம்மூர்த் தொடர்பு ஒன்று இருக்கிறது: எலியோக்காரிஸ் என்ற இந்தச் செடியும், பத்தமடையில் பாய் நெய்யும் கோரையும் ஒரே குடும்பம். வேர் ஆழமாக இறங்கும், ஓடுதண்டு மணலுக்கு அடியில் ஓடி நூல்போல் தள்ளித் தள்ளி முளைக்கும். ஐந்தாறு இழையாகப் பிரித்து நட்டால் முதல் மாதம் மொட்டை அடித்து மூன்று நாள் ஆன தலைபோல்தான் இருக்கும். அதன்பின் வேகம் பிடிக்கும். வாயு இல்லாமலும் மெதுவாக நிறையும். வெயிலையும் மான்டி கார்லோவைவிட நன்றாகத் தாங்கியது.

வாங்கும்போது ரகத்தைக் கேட்டு வாங்குங்கள். குட்டை ரகம் என்று எனக்குக் கொடுத்தது மூன்று மாதத்தில் ஒரு சாண் நிமிர்ந்தது. “என்ன அண்ணாச்சி, இப்படி வளர்கிறதே?” என்றேன். “வெட்டிவிடுங்கள் தம்பி, குட்டையாகிவிடும்” என்றார் கடைக்காரர். வாதாட வழியில்லாத பதில்.

அதன் உண்மையான குறை உயரம் அல்ல, நூல்பாசி. இழையும் பச்சை, பாசியும் பச்சை. இரண்டும் பின்னிக்கொண்டால் பல் துலக்கும் பிரஷ்ஷைச் சுற்றிச் சுற்றி இழுத்தாலும் பாசியோடு புல்லும் வருகிறது. மான்டி கார்லோவில் பாசி பிடித்த இடத்தை மட்டும் கத்தரித்துவிடலாம். இங்கே அந்தப் பகுதியையே பெயர்த்தெறிய வேண்டியிருந்தது. விளக்கை எட்டு மணி நேரத்துக்குமேல் எரியவிட்டது என் தவறு.

இனி ஆரை. நட்ட முதல் இரண்டு மாதம் இது உயிரோடு இருக்கிறதா என்ற சந்தேகத்திலேயே போயிற்று. வயலிலும் புகைப்படத்திலும் பார்க்கும் நான்கு சிற்றிலைகள் உதிர்ந்துவிட்டன. தண்ணீருக்குள் புதிதாக வந்தது ஒற்றை இலை, சிறு கரண்டிபோல். ஏமாற்றிவிட்டார்கள் என்றே நினைத்தேன். நீருக்கடியில் அதன் வடிவமே அதுதான். சில இலை இரண்டாகப் பிளக்கும், சில நான்காகும். ஓடுதண்டு கணுவுக்குக் கணு வேர் விட்டு ஊர்ந்து, இரண்டங்குல உயரத்திலேயே நின்றது. வாயு கொடுக்கவில்லை. வேருக்கு அருகில் உர மாத்திரை இரண்டு மாதத்துக்கு ஒன்று புதைத்தேன், அவ்வளவுதான். கத்தரி எடுத்ததும் வருடத்தில் மூன்று முறைதான். ஆனால் முன்பக்கம் நிறைவதற்கு ஏறக்குறைய ஒரு வருடம் ஆயிற்று.

தண்ணீர் விஷயத்திலும் ஆரைதான் முரண்டு பிடிக்காதது. குழாயில் வரும் தாமிரபரணித் தண்ணீர் மென்மையானது, கரைந்த உப்பு குறைவு. மூன்று செடிக்குமே அதில் குறையில்லை. எங்கள் தெரு ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் பாத்திரத்தில் வெள்ளை படிய வைக்கும். கோடையில் சூட்டைத் தணிக்கத் தொட்டிமேல் சிறு மின்விசிறி வைக்கிறோம். இரண்டு மூன்று டிகிரி இறங்கும். ஆனால் ஆவியாவது தண்ணீர் மட்டும், உப்பு உள்ளேயே தங்கும். குறைந்ததை மறுபடி உப்புத் தண்ணீராலேயே நிரப்பினால் வாரத்துக்கு வாரம் கடினம் ஏறும். அப்படிச் செய்த ஒரு கோடையில் மான்டி கார்லோவின் இளந்தளிர் வெளுத்தது. இரும்புச்சத்து இருந்தும் எடுக்க முடியாத நிலை. ஆரை வழக்கம்போல் இருந்தது. இப்போது ஆவியான அளவுக்கு ஆர்.ஓ. தண்ணீர்தான் ஊற்றுகிறேன்.

ஆகவே புதிதாகத் தொட்டி வைப்பவர் கேட்டால் ஹிர்சூட்டா ஆரை என்றுதான் சொல்வேன். சிலிண்டரும், விளக்கோடு சேர்ந்து அணையும் மின்வால்வும் வாங்குகிறவருக்கு மட்டும் மான்டி கார்லோ. ஹேர்கிராஸை, பாசியோடு மல்லுக்கட்டப் பொறுமை உள்ளவர்களுக்கு விட்டுவிடுகிறேன்.

அத்தையின் வயல் ஆரை என்ன ஆயிற்று என்று கேட்கலாம். பிசானத்தில் போய் ஒரு கைப்பிடி கொண்டுவந்தேன். மருந்தடித்த வயலில் எடுத்தால் இறால் மொத்தமும் செத்துவிடும் என்பதால், வாய்க்கால் ஓரத்தில் பிடுங்கினேன். பதினைந்து நாள் வாளியில் வைத்துத் தண்ணீரை மாற்றி மாற்றி ஊற்றியபோது, ஏழு நத்தையும் ஒரு தும்பிக் குஞ்சும் அகப்பட்டன. அந்தத் தும்பிக் குஞ்சு தொட்டிக்குள் போயிருந்தால் கப்பிக் குஞ்சு ஒன்றுகூட மிஞ்சியிருக்காது. தொட்டியில் நட்டதும் வயல் புத்தியைக் காட்டியது: ஓரடிக் காம்பை மேலே அனுப்பி, நான்கு சிற்றிலையைத் தண்ணீர்மேல் மிதக்கவிட்டது. வெட்டினேன், மறுபடி அனுப்பியது. பாதிச் செடி ஒருவழியாகக் குட்டையாக அடங்கியது. அடங்காத பாதி இப்போது கறிவேப்பிலை மரத்தடியில் சிமெண்ட் தொட்டியில் கிடக்கிறது. போன தடவை வந்த அத்தை அதைக் கிள்ளிக்கொண்டு போய்ப் பருப்போடு கடைந்துவிட்டார்.