ஆணி படாத செருப்பு: மதுரைக் கடைகளில் கிடைக்கும் எம்.சி.ஆர். காலணி பற்றி

பெரியாஸ்பத்திரியைச் சுற்றியுள்ள சர்ஜிகல் கடைகளில் "சுகர்காரங்க போடுற செருப்பு இருக்கா?" என்று கேட்டால் நாலைந்து ஜோடியை எடுத்துப் போடுவார்கள். எல்லாமே மெத்தென்று இருக்கும். எல்லாவற்றுக்கும் பெயர் எம்.சி.ஆர்.தான். விலை பெரும்பாலும் 500 ரூபாயிலிருந்து 1,000 ரூபாய்க்குள். அழுத்திப் பார்க்கத் தெரியாதவர் நிறத்தைப் பார்த்து ஒன்றை வாங்கிப் போவார். சில மாதத்தில் அது தட்டையாகிவிடும். அதற்குள் பெருவிரல் அடியில் ஒரு காய்ப்பு விழுந்திருக்கும், காய்ப்புக்கு அடியில் புண் பழுத்துக்கொண்டிருக்கும். காலில் உணர்ச்சி இல்லாதவருக்கு அது தெரியவே தெரியாது.

எம்.சி.ஆர். என்றால் மைக்ரோ செல்லுலார் ரப்பர், நுண்ணிய காற்றறைகள் நிறைந்த ரப்பர். அது காலணிக்கு வந்த வரலாறு வேலூரில் இருக்கிறது. கொல்லிமலையில் மிஷனரிப் பெற்றோருக்கு 1914-ல் பிறந்த டாக்டர் பால் பிராண்ட், 1946-ல் வேலூர் சி.எம்.சி.க்கு வந்தார். தொழுநோய்தான் விரலையும் பாதத்தையும் நேரடியாக அழுகச் செய்கிறது என்று நினைத்திருந்த காலம் அது. நோய் நரம்பைக் கெடுக்கிறது, வலி போய்விடுகிறது, வலி இல்லாததால் ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப விழும் அழுத்தம் சதையைப் புண்ணாக்குகிறது என்பதை அவரும் அவரோடு இருந்தவர்களும் எடுத்துக்காட்டினார்கள். கை அறுவை சிகிச்சையில் உலகமே மதித்த அந்த மருத்துவர், அதன்பின் செருப்பு தைப்பவர்களோடு உட்கார்ந்து எந்தப் பொருள் காலைக் காக்கும் என்று தேடினார். சர்க்கரை நோயால் மரத்துப்போன கால்களுக்கும் இன்று அதே ரப்பர்தான் உதவுகிறது.

கடையில் முதலில் பார்க்க வேண்டியது மேல் அடுக்கு. கால் படுகிற அந்த ரப்பர் 10 முதல் 12 மி.மீ. கனம் இருக்க வேண்டும். ரப்பரின் கடினத்தை ஷோர் என்ற அளவால் சொல்வார்கள், நல்ல எம்.சி.ஆர். 15 டிகிரியை ஒட்டி இருக்கும். கடையில் அதை அளக்கக் கருவி கிடையாது, விரல் போதும். செருப்பின் ஓரத்தில் மேல் அடுக்கை மட்டும் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே பிடித்து நன்றாக அழுத்துங்கள். கனம் ஏறக்குறைய பாதியாக வேண்டும், விட்டவுடன் பழைய நிலைக்கு எழும்ப வேண்டும். அமுங்கவே இல்லையென்றால் அது சாதாரண ஹவாய் செருப்பு ரப்பர். எளிதாக அமுங்கி, விரல் தடம் பள்ளமாகவே நின்றால் பெரும்பாலும் மட்டமான இ.வி.ஏ. என்கிற பிளாஸ்டிக் நுரை. தூக்கிப் பார்த்தாலும் வித்தியாசம் தெரியும்: நுரை காகிதம் மாதிரி லேசாக இருக்கும், எம்.சி.ஆர். கொஞ்சம் கனக்கும். நுரைச் செருப்பு முதல் நாள் சொகுசாகத்தான் இருக்கும். ஆனால் பாதத்தின் முன்பந்து (விரல்களுக்குப் பின்னால் உள்ள மேடு), குதிகால் இரண்டுக்கும் அடியில் அமுங்கிப்போன பிறகு எழும்பாது. உடல் பாரம் முழுவதும் இறங்குகிற இடங்களே அவைதான்.

கீழ் அடுக்கு நேர்மாறாக, கெட்டியாக இருக்க வேண்டும். மதுரை, சிவகங்கை, விருதுநகர்ப் பக்கம் வாழ்கிறவர்களுக்கு இதைச் சொல்லவே வேண்டாம், சீமைக்கருவேல முள் அப்படி. வெறும் எம்.சி.ஆர். அடுக்கை மட்டும் போட்டுக்கொண்டு கண்மாய்க் கரையில் நடந்தால் முள் ஊடுருவிப் பாதத்துக்குள் போய்விடும். வலி உள்ளவர் "அய்யோ" என்று உட்கார்ந்து பிடுங்குவார். மரத்த கால்காரர் அந்த முள்ளோடு வீடு வந்து தூங்கி எழுந்து மறுநாளும் நடப்பார். அதனால் 6 மி.மீ.க்குக் குறையாத கெட்டி ரப்பர் அல்லது டயர் ரப்பர் அடித்தளம் இருக்கிற ஜோடியையே எடுங்கள். அப்படியும் முள் ஏறலாம். செருப்பைக் காலில் மாட்டும் ஒவ்வொரு முறையும் உள்பக்கத்தைக் கையால் தடவிப் பார்க்கும் பழக்கம் வேண்டும். கையும் மரத்தவர் என்றால் அடுத்தவர் தடவிப் பார்க்க வேண்டும்.

வாரில்தான் பல செருப்புகள் தோற்கின்றன. பெருவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவே போகிற வார் வேண்டவே வேண்டாம். விரலிடுக்கை அறுத்துக்கொண்டே இருக்கும், ஈரமும் அங்கேதான் தங்கும். மேற்பாதத்தில் அகலமான இரண்டு வார், குதிகாலுக்குப் பின்னால் ஒரு வார், மூன்றும் கூட்டிக் குறைக்கிற மாதிரி இருந்தால் நல்லது. பின்வார் இல்லாத செருப்பு கழன்று போனதுகூடத் தெரியாமல் வெறுங்காலோடு தெருக்கோடி வரை போனவர்கள் உண்டு. பக்கிளைவிட வெல்க்ரோ வசதி, விரல் மடங்கிய கையாலும் இழுக்கலாம். ஆனால் நம் ஊர்ப் புழுதியும் தலைமுடியும் வெல்க்ரோவில் சிக்கி, சில வாரத்தில் பிடிப்புப் போய்விடும். பழைய பல் துலக்கும் பிரஷால் வாரம் ஒருமுறை தேய்த்தால் திரும்பப் பிடிக்கும். வார் விளிம்பு உள்பக்கம் மடித்துத் தைக்கப்பட்டிருக்கிறதா, முடிச்சு எதுவும் தோலில் படுகிறதா என்று விரலை விட்டுப் பாருங்கள்.

ஆணி ஒன்றுகூட இருக்கக் கூடாது. புதுச் செருப்பில் இருக்காது, பழுது பார்க்கக் கொடுக்கும்போதுதான் ஏறும். வார் பிய்ந்ததும் பேருந்து நிலையத்துக்கு வெளியே உட்கார்ந்திருக்கிறவரிடம் நீட்டினால், அவசரத்துக்கு இரண்டு சின்ன ஆணி அடித்துக் கொடுத்துவிடுவார். அது அவர் தப்பு இல்லை, யார் காலுக்கு என்று அவருக்குத் தெரியாது. "அண்ணே, உணர்ச்சி இல்லாத காலுண்ணே. ஆணி வேணாம், தைச்சு ஒட்டிக் குடுங்க" என்று சொல்லிவிட வேண்டும். ஒட்டுவதற்கும் முறை உண்டு: இரண்டு பக்கத்தையும் சொரசொரப்பாகத் தேய்த்து, தூசி தட்டி, சொல்யூஷனைத் தடவி, கையில் ஒட்டாத பதம் வரும்வரை காயவிட்டு, பிறகு சேர்த்துத் தட்ட வேண்டும். ஈரமாக இருக்கும்போதே சேர்த்தால் சித்திரை வெயிலில் பிளந்துகொள்ளும்.

இவ்வளவும் சரியாக இருந்தாலும் அளவு தப்பினால் செருப்பு வீண். "8-ஆம் நம்பர் குடுங்க" என்று வாங்கக் கூடாது. மரத்த காலுக்குத் தளர்வாக இருப்பது பிடிக்காது. ஏதோ ஒன்று காலில் இருக்கிறது என்று தெரிவதற்காகவே இறுக்கமான அளவைக் கேட்பார்கள். சாயங்காலம், கால் லேசாக வீங்கியிருக்கும் நேரத்தில், அவரைச் சார்ட் பேப்பர் மீது நிற்க வையுங்கள். உட்கார்ந்தபடி வரைந்தால் பாதத்தின் அகலம் குறைந்துவிடும். பென்சிலைச் செங்குத்தாகப் பிடித்துப் பாதத்தைச் சுற்றி வரையுங்கள். இரண்டு காலையும் தனித்தனியாக வரைய வேண்டும், ஒன்று போல மற்றொன்று இருக்காது. மிக நீளமான விரலுக்கு முன்னால் 1 முதல் 1.5 செ.மீ. இடம் விட வேண்டும். அந்தப் பேப்பரை வெட்டி எடுத்துக்கொண்டு கடைக்குப் போய்ச் செருப்பின் மேல் வைத்துப் பாருங்கள். பேப்பர் மடங்காமல் உட்கார்ந்தால் அதுதான் அளவு.

அளவெடுக்க ஒருவர் தரையில் மண்டியிட்டே ஆக வேண்டும். நாற்காலியில் இருந்தபடி முடியாது. அடுத்தவர் பாதத்தைக் கையால் பிடிக்க வேண்டும், விரலிடுக்கை விரித்துப் பார்க்க வேண்டும், வாடை இருந்தால் முகம் சுளிக்காமல் இருக்க வேண்டும். நம் கிறிஸ்தவ சபைகளில் ஊழியத்துக்கு "அழைப்பு வந்திருக்கு" என்று ஒரு வாலிபர் சொன்னால் மேடையும் மைக்கும் வேதாகமக் கல்லூரியும்தான் உடனே நினைவுக்கு வருகின்றன. அந்த அழைப்பு சார்ட் பேப்பரும் பென்சிலுமாக இருக்கலாம் என்று அவருக்கு யாராவது சொல்ல வேண்டும். யோவான் 13-ல் ஆண்டவர் சீஷர்களின் கால்களைக் கழுவச் சீலையை இடுப்பில் கட்டிக்கொண்டு குனிந்தது இந்த உயரத்துக்குத்தான். செருப்பு வேலையை ஒரு சாதியின் தலையில் கட்டி, அவர்களைத் தெருவுக்கு வெளியே நிறுத்தி வைத்த ஊர் நம்முடையது. திருச்சபையும் அந்தப் பாவத்திலிருந்து தப்பவில்லை. ஆனால் அப்போஸ்தலர் நடபடிகளில் பேதுரு யோப்பா பட்டணத்தில் தங்கியது தோல் பதனிடுகிற சீமோன் வீட்டில். இந்தியாவுக்கு 1793-ல் மிஷனரியாக வந்த வில்லியம் கேரி இங்கிலாந்தில் செருப்பு தைத்துப் பிழைத்தவர். எம்.சி.ஆர். வெட்டித் தைக்கிற பட்டறையில் வேலை கற்றுக்கொள்ள ஒரு கிறிஸ்தவப் பிள்ளை போனால், சபை ஜெபித்து அனுப்ப வேண்டிய ஊழியம் அது.

சபையாக இதை எடுத்துச் செய்ய நினைப்பவர்களுக்குப் பெரிய செலவு இல்லை. மாதம் ஒரு சனிக்கிழமை பிற்பகல், பெண்கள் ஐக்கிய சங்கத்திலிருந்தோ வாலிபர் ஐக்கியத்திலிருந்தோ மூன்று பேர் போதும். பேசின் இரண்டு, ஆளுக்கொரு துண்டு, டார்ச், முகம் பார்க்கும் கண்ணாடி, சார்ட் பேப்பர், ஒரு நோட்டு. தண்ணீர் சாதாரணச் சூட்டில் இருக்க வேண்டும், உதவி செய்பவர் தம் முழங்கையை விட்டுப் பார்க்க வேண்டும். கால் வைக்கிறவருக்குக் கொதிநீரும் தெரியாது. இதில் பலரும் தவறுகிற ஓர் இடம் உண்டு. தொழுநோயால் மரத்த பாதத்தில் வியர்வை வராது, தோல் வறண்டு வெடிக்கும். அதனால் 20 முதல் 30 நிமிடம் ஊற வைத்து, தடித்த தோலைச் சொரசொரப்பான கல்லால் மென்மையாகத் தேய்த்து, ஈரம் இருக்கும்போதே தேங்காய் எண்ணெய் தடவ வேண்டும். சர்க்கரை நோயாளியின் பாதத்தை அப்படி ஊற வைக்கவே கூடாது. கழுவி, விரலிடுக்கு உட்பட ஒற்றித் துடைத்து, எண்ணெயை விரலிடுக்கில் படாமல் தடவ வேண்டும். காய்ப்பை பிளேடால் சீவக் கூடாது. புண் இருந்தால் அங்கே கைவைத்தியம் எதுவும் வேண்டாம், மருத்துவமனைக்கு அனுப்புங்கள். ஒரு கால் மட்டும் வீங்கிச் சூடாக இருந்து, வலி இல்லையென்றால் அன்றைக்கே கூட்டிக்கொண்டு போங்கள். உள்ளே எலும்பு நொறுங்கிக்கொண்டிருக்கலாம். கால் கழுவுகிற படத்தை எடுத்து வாட்ஸ்அப்பில் போட வேண்டாம்.

ஆலய வாசலில் செருப்பைக் கழற்றுவது நம் கிராமத்துச் சபைகளின் வழக்கம். மரத்த காலுக்கு அது ஆபத்து. ஆராதனை முடிந்து 11 மணிக்கு வெளியே வந்து, வெயிலில் காய்ந்த கல்லில் நாலு எட்டு வைத்தால் பாதம் கொப்பளித்துவிடும். இவர்களுக்கென்று உள்ளே மட்டும் போடுகிற இன்னொரு ஜோடியை வைத்திருக்கலாம், அல்லது "நீங்க போட்டுக்கிட்டே வாங்கம்மா" என்று சபை மூப்பரே வாசலில் நின்று சொல்லலாம். கழற்றித்தான் ஆக வேண்டும் என்றால் செருப்பு நிழலில் இருக்கட்டும். வெயில் பட்டால் ரப்பர் இறுகும், பசை விடும். கழுவினாலும் நிழலில்தான் காய வைக்க வேண்டும்.

செருப்பில் மறைக்க முடியாத குறையும் உண்டு. தொழுநோய் மருத்துவமனைகள் கொடுத்த ஜோடிகள் பல காலம் ஒரே மாதிரி தோற்றத்தில் இருந்ததால், "இது இன்ன நோய்க்காரர் செருப்பு" என்று ஊர் அடையாளம் கண்டுகொள்ளும். அதற்குப் பயந்து பலர் வாங்கியும் பரண்மேல் போட்டுவிடுவார்கள். இப்போது சர்க்கரை நோயாளிகளும் குதிகால் வலிக்காரர்களும் அணிவதால் அந்தக் கூச்சம் குறைகிறது, கடைகளில் சாதாரணச் செருப்பு போன்ற வடிவங்களும் வந்துவிட்டன. பார்க்க நன்றாக இருக்கிற ஜோடியையே தேடி வாங்கிக் கொடுங்கள். அழகில்லாத செருப்பை அணிய மாட்டார்கள்.

தொழுநோயால் பாதிக்கப்பட்டவர்களுக்கு அரசின் தொழுநோய் ஒழிப்புத் திட்டத்தில் எம்.சி.ஆர். செருப்பு இலவசம். ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டால் வழி சொல்வார்கள், காசு கொடுத்து வாங்கத் தேவையில்லை. பாதம் கோணியிருந்தாலோ, விரல்கள் இல்லாவிட்டாலோ, பாதம் தொங்கினாலோ கடைச் செருப்பு எதுவும் உதவாது. மருத்துவமனைக் காலணிப் பிரிவில் அந்தக் காலுக்கென்றே செய்ய வேண்டும். மற்றபடி, மேலே சொன்ன விரல் சோதனையில் தேறி, பின்வாரும் கெட்டி அடித்தளமும் உள்ள ஜோடி கிடைத்தால் 1,000 ரூபாய் கொடுத்தும் வாங்கலாம்.

வாங்கிய அன்றே நாள் முழுக்கப் போடக் கூடாது. முதல் நாள் அரைமணி நேரம், கழற்றிப் பாதத்தைப் பாருங்கள். சிவந்த இடம் 20 நிமிடத்தில் மறையாவிட்டால் அங்கே செருப்பு அழுத்துகிறது, திருத்த வேண்டும். மறைந்தால் மறுநாள் ஒரு மணி நேரம், இப்படியே கூட்டிக்கொண்டு போகலாம். தினமும் போட்டு நடந்தால் 6 மாதம் முதல் ஒரு வருடம் வரை உழைக்கும். முன்பந்துக்கு அடியில் கனத்தையும் நடுவில் கனத்தையும் விரலால் ஒப்பிட்டுப் பாருங்கள், வித்தியாசம் நன்றாகத் தெரிந்தால் மேல் அடுக்கின் ஆயுள் முடிந்தது. சார்ட் பேப்பரைத் தூக்கி எறியாமல் ஓரத்தில் தேதி எழுதி வையுங்கள். அடுத்த ஜோடிக்கு வரையும்போது பழைய பேப்பரின் மேல் புதியதை வைத்து வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால், பாதம் எங்கே அகன்றிருக்கிறது, எந்த விரல் மடங்கத் தொடங்கியிருக்கிறது என்பது கோடு விலகுகிற இடத்தில் தெரிந்துவிடும்.