சொட்டுநீரா, ஹோஸா? செங்கோட்டைப் பக்கத்து வீட்டுத் தோட்டத்துக்கு எது?

ஜூனில் ஆரியங்காவு கணவாய் வழியாகச் சாரல் வரும்வரை செடிகளை நாம்தான் காப்பாற்ற வேண்டும். கணவன், மனைவி இருவரும் வேலைக்குப் போகிற வீடு என்றால் பங்குனியிலேயே இந்தக் கேள்வி வந்துவிடும்.

செலவு
ஹோஸ்: சில நூறு ரூபாயில் முடியும்.
சொட்டுநீர்: பில்டர், டியூப், செடியடியில் தண்ணீர் சொட்டும் டிரிப்பர் என்று ஆயிரங்களில் போகும்.

வேலை
ஹோஸ்: காலை அவசரத்தில் யார் பிடிப்பது என்று தகராறு.
சொட்டுநீர்: வால்வைத் திறந்துவிட்டு இட்லி ஊற்றப் போகலாம். மணிக்கு 4 லிட்டர் டிரிப்பர் என்றால் அரை மணியில் செடிக்கு 2 லிட்டர். மூட மறந்தால் மேல்தொட்டி காலி, அப்புறம் தகராறு இங்கேயும் உண்டு.

ஆயுள்
ஹோஸ்: வெயிலில் கிடந்தால் விறைத்து வெடிக்கும். சுருட்டி நிழலில் வையுங்கள்.
சொட்டுநீர்: போர் தண்ணீரின் உப்பு டிரிப்பர் வாயில் வெள்ளையாகப் படிந்து அடைக்கும். ஊசியால் குத்தாதீர்கள், துளை பெரிதாகிவிடும். கழற்றி வினிகரில் ஊறப்போட்டால் உப்பு கரையும். டியூபை அணில் கடிப்பது தனிக்கதை.

பத்துப் பதினைந்து தொட்டிச்செடிக்கு ஹோஸே போதும். பீய்ச்சினால் அசுவினிப் பூச்சியும் கழுவிக்கொண்டு போகும். கத்தரி, வெண்டை, வாழை என்று வரிசையாக நட்டிருந்தால் யோசிக்காமல் சொட்டுநீர். கீரைப் பாத்திக்கு இரண்டும் சரிவராது, பூவாளிதான்.