‘ஏனையவை’ என்ற ஒரு சொல்: தகவலறியும் உரிமைச் சட்டத்தோடு ஏழு ஆண்டுகள்

பொகவந்தலாவையில் ஆசிரியராக இருக்கும் தம்பி ஒருவர் போன வாரம் ஹட்டன் பஸ் நிலையத்தில் என்னைக் கண்டு, “அண்ணே, இந்த ஆர்.டி.ஐ. போட்டால் உண்மையிலேயே பதில் வருமா?” என்று கேட்டார். அரச அலுவலகங்களிடம் உள்ள தகவலைக் கேட்டுப் பெற வழிசெய்யும் தகவலறியும் உரிமைச் சட்டத்தைத்தான் ஆர்.டி.ஐ. என்கிறோம். தம் பாடசாலைக்குக் கிடைத்த மானியம் எங்கே போனது என்பதை அறிய விரும்புகிறார். நின்ற இடத்தில் சொல்லி முடிக்கக்கூடிய விடயம் அல்ல என்பதால் இங்கே எழுதுகிறேன்.

இலங்கையின் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டம் 2017 பெப்ரவரி 3ஆம் திகதி நடைமுறைக்கு வந்தது. ஏழு ஆண்டுகளாக அதைப் பயன்படுத்தி வருகிறேன். விண்ணப்பிக்கக் கட்டணம் இல்லை. ஏன் கேட்கிறீர்கள் என்று எவரும் கேட்க முடியாது. ஆர்.டி.ஐ. 01 படிவம்தான் வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. வெள்ளைத்தாளில் எழுதிய கடிதமே போதும். ஆயினும் நான் எப்போதும் படிவத்தையே நிரப்புகிறேன். விண்ணப்பதாரர் இலங்கைப் பிரசையா என்று அதில் ஒரு கேள்வி இருக்கிறது. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவராக்கப்பட்ட மலையகத் தமிழர் தலைமுறையைச் சேர்ந்த என் தந்தை தம் வாழ்நாளின் பெரும்பகுதியைக் குடியுரிமை இல்லாமலே கழித்தவர். அரசாங்க அலுவலகத்தில் எதையும் கேட்கும் துணிவு அவருக்கு இருந்ததில்லை. அந்தக் கேள்விக்கு ‘ஆம்’ என்று எழுதும் ஒவ்வொரு முறையும் என் மனம் நிறைகிறது.

இனி என்னை இன்றுவரை வாட்டும் விடயத்துக்கு வருகிறேன். இந்நாட்டில் நீதவான் நீதிமன்றத்தில் வழக்குத் தொடுப்பது பொலிசார் மட்டுமல்ல; பல திணைக்களங்களுக்கும் அந்த அதிகாரம் உண்டு. அப்படி வழக்குத் தொடுக்கும் ஓர் அலுவலகத்துக்கு, தமிழ் பேசும் முறைப்பாட்டாளருக்கு உரைபெயர்ப்பாளரை ஏற்பாடு செய்யவும், சாட்சிகளின் பயணச் செலவைக் கொடுக்கவும் ஒரு மானியம் கிடைத்திருந்தது. எங்கள் தோட்டத்திலிருந்து சாட்சி சொல்லப் போன இரண்டு பெண்களுக்கு ஒரு ரூபாவும் கிடைக்கவில்லை. நீதிமன்றம் போன ஒவ்வொரு நாளும் அவர்களுக்குப் பேரும் (தோட்டத்தில் அன்றைய நாட்கூலி) இல்லை, பஸ் காசும் கைக்காசு. ஆகவே மானியம் எப்படிச் செலவானது என்று கேட்டுப் பதிவுத் தபாலில் எழுதினேன்.

தகவல் அலுவலர் 14 வேலை நாட்களுக்குள் தம் முடிவைச் சொல்ல வேண்டும். அந்தக் காலம் கடந்தும் ஒன்றும் வராததால், அதே அலுவலகத்தில் மேன்முறையீடுகளைக் கவனிக்கும் குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கு மேன்முறையீடு செய்தேன். அதன்பின் வந்த பதிலில் ஒரே ஒரு வரி இருந்தது: போக்குவரத்து, பயிற்சி, மொழிபெயர்ப்பு மற்றும் ஏனையவை, அதன் எதிரே ஒரு மொத்தத் தொகை. சட்டப்படி அது பதில்தான். ஆனால் அந்த இரண்டு பெண்களின் பஸ் காசு ‘போக்குவரத்து’ என்ற சொல்லுக்குள் இருக்கிறதா, அல்லது அலுவலக வாகனத்தின் டயர் அதற்குள் இருக்கிறதா என்பதை அந்த வரியைக் கொண்டு எவராலும் கண்டுபிடிக்க முடியாது. ஏழு ஆண்டுகளில் வெவ்வேறு அலுவலகங்களிடம் பணத்தைப் பற்றிக் கேட்ட ஒவ்வொரு முறையும் இந்த ‘ஏனையவை’ எனக்கு வந்திருக்கிறது. மறுப்புக் கடிதம்கூட இந்த அளவு கோபத்தைத் தந்ததில்லை, ஏனெனில் மறுத்தால் காரணம் எழுத வேண்டும், அந்தக் காரணத்தோடு வாதாடலாம்.

தவறு என் கேள்வியிலும் இருந்தது. ‘எப்படிச் செலவானது’ என்று கேட்டால் அவர்கள் விரும்பிய சுருக்கத்தை எழுதித் தருவார்கள். இச்சட்டம் அலுவலகத்தின் கையில் இருக்கும் பதிவைப் பெறுவதற்கானது. ஆகவே இரண்டாம் முறை கொடுப்பனவு வவுச்சர்களின் நகலையும், அந்த மானியத்துக்குரிய செலவுப் பேரேட்டின் பக்கங்களையும், திகதி குறிப்பிட்டுக் கேட்டேன். குற்றவாளிகள்மீது வழக்குத் தொடுப்பதற்குப் பாதிப்பு ஏற்படும் என்று 5ஆம் பிரிவைக் காட்டி மறுத்தார்கள். பஸ் கட்டணத்துக்கான பற்றுச்சீட்டு எந்த வழக்கைப் பாதிக்கும்? சாட்சியின் பெயர்தான் சிக்கல் என்றால், 6ஆம் பிரிவின்படி அந்தப் பகுதியை மறைத்துவிட்டு எஞ்சியதைக் கொடுக்கலாம். இதையே எழுதி, தகவலறியும் உரிமைக்கான ஆணைக்குழுவுக்கு, அதற்குரிய இரண்டு மாத அவகாசத்துக்குள் மேன்முறையீட்டை அனுப்பினேன். அது விசாரணைக்கு வருமுன்பே அலுவலகம் 46 பக்க நகல்களை அனுப்பிவிட்டது.

பெயர்கள் மறைக்கப்பட்டிருந்தன, அதில் எனக்கு மனக்குறை இல்லை. பெரும்பாலான பக்கங்கள் பயிற்சிப் பட்டறைகளின் மண்டப வாடகை, உணவு, அச்சுச் செலவு ஆகியவை பற்றியவை. உரைபெயர்ப்பாளருக்குக் கொடுத்த பணம் நான்கு பக்கங்களில் இருந்தது. சாட்சிகளுக்கான பயணப்படி ஒரு பக்கத்திலும் இல்லை. இதில் களவு நடந்ததாக நான் சொல்லவில்லை. எல்லா வவுச்சர்களும் முறையாகக் கையொப்பமிடப்பட்டவை. ஆனால் யாருக்காகப் பணம் வந்ததோ அவர்களைத் தவிர மற்ற எல்லோருக்கும் அது போய்ச் சேர்ந்திருக்கிறது.

நியாயமாகச் சொல்ல வேண்டிய ஒன்று உண்டு. அங்கே தகவல் அலுவலராக இருந்த பெண் தம் வழமையான வேலையோடு சேர்த்தே இந்தப் பொறுப்பையும் சுமந்தார். நகல்களை வாங்கப் போன அன்று உட்கார வைத்து, எந்தக் கோப்பு எங்கே இருக்கிறது என்று பொறுமையாக விளக்கினார். அவர்மீது எனக்கு எந்தக் கோபமும் இல்லை.

ஆயினும் நான் தமிழில் எழுதிய ஒவ்வொரு கடிதத்துக்கும் அந்த அலுவலகம் சிங்களத்திலேயே பதில் எழுதியது. 1987இல் 13ஆம் திருத்தம் தமிழையும் அரச கரும மொழியாக்கியது. தமிழருக்கு உரைபெயர்ப்பாளர் வைப்பதற்கென்று மானியம் பெற்ற அலுவலகமே தமிழ்க் கடிதத்துக்குத் தமிழில் பதில் தராவிட்டால், அந்த மானியத்தின் கணக்கை வேறு எங்கே தேட வேண்டும்? இந்த முறையும் கடிதத்தைப் பக்கத்துக் கடைக்காரரிடம் கொடுத்துத்தான் படிப்பித்துக்கொண்டேன்.

எங்கள் மக்களுக்கு என் வாழ்நாளில் கிடைத்த சட்டங்களில் இதைவிடச் சிறந்த ஒன்றை நான் காணவில்லை. அப்படியிருந்தும் அந்தத் தம்பிக்கு பஸ் நிலையத்தில் நான் சொன்ன பதில், “இப்போதைக்கு வேண்டாம்” என்பதுதான். அன்று காலையில்தான் வேறோர் அலுவலகத்திலிருந்து இன்னொரு ‘ஏனையவை’ வந்திருந்தது. அதை மடித்துச் சட்டைப்பையில் வைத்திருந்தேன். அவர் அதன் பிறகும் எழுதுவதானால், முதல் வரியிலேயே ‘வவுச்சர்களின் நகல்’ என்று எழுதட்டும். கடிதத்தைப் பெற்றுக்கொண்டதாக எழுத்தில் வாங்காமல் அலுவலகப் படியை விட்டு இறங்க வேண்டாம்.